ஆவோகாஷிமா தீவு: கப்பல் ஏன் அடிக்கடி நிற்கிறது? எத்தனை நாள் ஒதுக்கணும்?

திருவொற்றியூர் வாசகன்
டோக்கியோ நிர்வாகத்துக்குள்ளேயே சுமார் 170 பேர் மட்டும் வாழும் தீவுக் கிராமம் ஆவோகாஷிமா. நம்ம காட்டுப்பள்ளியும் தீவுதான், ஊராட்சிதான். ஆனால் மீஞ்சூர் ஒன்றியத்துக்குக் கீழே வருகிறது. இவ்வளவு குறைவான ஆட்களுக்குத் தனி நிர்வாகம் எப்படி நடக்கிறது? காசிமேட்டில் இருப்பதுபோல அலைத்தடுப்புச் சுவர் கட்டினால் கப்பல் ஒழுங்காக வந்துபோகாதா? அங்கே ஒரு ராத்திரி தங்க மொத்தம் எத்தனை நாள் வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடற்கரை வரைபடம்
சுவர் விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், மற்ற எல்லாமே அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

காட்டுப்பள்ளி, கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவே மணல் சேர்ந்து உருவான தாழ்வான நிலம். ஆவோகாஷிமா கடலடியிலிருந்து எழுந்த எரிமலையின் தலை. வடக்கு தெற்காக 3.5 கி.மீ., கிழக்கு மேற்காக 2.5 கி.மீ., அவ்வளவுதான். சுற்றிலும் செங்குத்துப் பாறை, மணற்கரையே கிடையாது. உள்ளே இகெனோசாவா என்கிற பெரிய எரிமலைக் குழி, அதன் நடுவில் மருயாமா என்ற சின்னக் குன்று. குழியின் வடமேற்கு விளிம்பிலுள்ள ஓடோன்புதான் உச்சி, 423 மீட்டர். மக்கள் குடியிருப்பது குழிக்குள் அல்ல, வடக்கே விளிம்புக்கு வெளியே உள்ள மேட்டில்.

நம்ம பக்கம் கடல் மெதுவாக ஆழமாகும். அதனால் கல்லைக் கொட்டிச் சுவரும் தூண்டில் வளைவும் எழுப்ப முடிகிறது. அங்கே கரையை விட்டுக் கொஞ்சம் நகர்ந்தாலே ஆழம் சரசரவென இறங்கிவிடும். ஒதுங்க ஒரு விரிகுடாகூட இல்லை. தென்மேற்கிலுள்ள சான்போ துறையில் இருப்பது திறந்த கடலைப் பார்த்து நிற்கும் கான்கிரீட் மேடை. குளிர்காலத்தில் மேற்குக் காற்று நேராக அங்கேதான் அடிக்கும்; கப்பல் பக்கத்தில் வந்தும் கட்ட முடியாமல் திரும்பிவிடும். மீன்படகுகளைத் தண்ணீரில் விட்டுவைக்கவே முடியாது. கம்பிவடக் கிரேன் போட்டு மேலே தூக்கிக் கரையில்தான் வைக்கிறார்கள்.

ஊராட்சி மணி
நிர்வாகம் பற்றி. நம்ம ஊரில் கிராம ஊராட்சிக்கு மேலே ஒன்றியம், அதற்கு மேலே மாவட்டம். ஜப்பானில் கிராமமும் நகரமும் ஒரே உள்ளாட்சிச் சட்டத்தில் ஒரே படியில் நிற்பவை. அதனால் ஆவோகாஷிமாவுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர், 6 பேர் கொண்ட மன்றம், தனி வரவு செலவு எல்லாம் உண்டு. நாட்டிலேயே மக்கள்தொகை மிகக் குறைந்த உள்ளாட்சி இதுதான். தொடக்கப் பள்ளியும் நடுநிலைப் பள்ளியும் இருக்கின்றன. உயர்நிலைப் பள்ளி இல்லாததால் 15 வயதில் பிள்ளைகள் தீவை விட்டுப் போயாக வேண்டும். மக்கள்தொகை ஏறாததற்கு இது பெரிய காரணம் என்பேன். முகவரியில் கதவு எண்ணே கிடையாது. அதே சமயம் வண்டிகளுக்கு டோக்கியோ நகரத்தின் ஷினாகவா பதிவெண்.

எல்லா உரிமையும் சும்மா வந்துவிடவில்லை. ஓட்டுப்பெட்டியை நேரத்துக்குக் கொண்டுவர முடியாது என்ற நிலையில், தேசியத் தேர்தலில் இந்த மக்கள் முதன்முதலில் ஓட்டுப்போட்டது 1956-ல்தான்.

வரலாற்றில் 1785-ஐ மறக்கக் கூடாது. அந்த எரிமலை வெடிப்பின்போது தீவில் இருந்தவர்கள் 327 பேர். சுமார் 200 பேர் படகில் வடக்கே இருக்கும் ஹாச்சிஜோஜிமா தீவுக்குத் தப்பினார்கள், மற்றவர்கள் இறந்துபோனார்கள். பிழைத்தவர்களும் அவர்கள் வாரிசுகளும் திரும்பிவந்து ஊரை முழுதாக நிமிர்த்த சுமார் 50 வருஷம் ஆனது.

தண்ணீர்: ஆறு கிடையாது. மலைச்சரிவைக் கான்கிரீட்டால் மூடி, அதில் வழியும் மழைநீரைப் பிடித்துச் சுத்திகரித்துக் குடிக்கிறார்கள். தங்கும்போது தண்ணீரைப் பார்த்துச் செலவு பண்ணுங்கள்.

வழித்துணை
பயணத்துக்கு வருகிறேன். டோக்கியோவிலிருந்து நேரடியாகப் போக வழியில்லை. ஹனேடா விமான நிலையத்திலிருந்து ஹாச்சிஜோஜிமாவுக்கு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. தாகேஷிபா துறையிலிருந்து இரவு கிளம்பும் கப்பலில் போனால் காலையில் சேரலாம். அங்கிருந்து தெற்கே சுமார் 70 கி.மீ. கப்பலில் 3 மணி நேரம், ஹெலிகாப்டரில் 20 நிமிஷம்.

ஹெலிகாப்டரில் 9 இருக்கைதான். ஒரு மாதம் முன்னால் முன்பதிவு திறக்கும், சீக்கிரம் தீர்ந்துவிடும். இலவச மூட்டை 5 கிலோ மட்டும், மேலே போனால் கட்டணம். அதற்கும் தடை உண்டு: இறங்குதளம் மேட்டில் இருப்பதால் ஜூன் மாத மழைக்காலத்தில் மேகம் வந்து மூடிக்கொள்ளும். அலைக்குக் கப்பல் நிற்கும், மூடுபனிக்கு ஹெலிகாப்டர் நிற்கும். போக ஒன்று, வர ஒன்று என்று கலந்து பதிவு செய்தால் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு குறையும்.

தங்குமிடத்தை முதலில் உறுதி பண்ணுங்கள். அது இல்லாமல் கிளம்பவே கூடாது. விடுதிகள் சிலதான், மூன்று வேளைச் சாப்பாடு அங்கேயே. சைவம் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லுங்கள், பருப்புப் பொடியும் கையோடு கொண்டுபோங்கள். கடை ஒன்றுதான். யென் ரொக்கமாகவே வையுங்கள். துறையிலிருந்து சுரங்கப்பாதை வழியாகக் குழிக்குள் நுழைந்து, மறுபடி விளிம்பேறித்தான் ஊருக்குள் வரணும். பெட்டியோடு நடப்பது கஷ்டம், விடுதிக்காரரிடம் வண்டி கேளுங்கள். வாடகைக் கார் எடுப்பதென்றால் ஆர்.டி.ஓ.வில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொண்டு போகணும்.

திருவொற்றியூர் வாசகன்
நன்றி ஐயா. அப்போ ஒரு ராத்திரிக்கு நாலு நாள் போதுமா?

வழித்துணை
நாலு என்பது எல்லாம் சரியாக நடந்தால். ஆறு நாளாக வையுங்கள். சென்னை திரும்பும் விமானத்தை ஆறாவது நாளுக்கு முன்னால் போடாதீர்கள். மிச்சமாகும் நாளை ஹாச்சிஜோஜிமாவில் கழிக்கலாம், பார்க்க நிறைய இருக்கிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வேண்டாம், ஆகஸ்ட் செப்டம்பரில் புயல் வரும். மே மாதம் நல்லது.

கடற்கரை வரைபடம்
ஒன்று சேர்க்கிறேன். இகெனோசாவாவில் நிலத்தடி நீராவி வெளிவரும் துளைகளை ஹிங்யா என்பார்கள். அந்த ஆவியில் முட்டையும் சர்க்கரைவள்ளியும் வேகவைக்கப் பொது அடுப்பு இருக்கிறது, கட்டணம் இல்லை. வேகவைக்கும் பொருளைக் கடை திறந்திருக்கும்போதே வாங்கிக்கொண்டு இறங்குங்கள். குழிக்குள் கடை எதுவும் கிடையாது. மூடியைத் திறக்கும்போது முகத்தைத் தள்ளி வையுங்கள்.