மறு: முன்வெப்பமூட்டலுக்கு வேறு சொல்

> 'முன்வெப்பமூட்டல்' என்றே இருக்கட்டுமே. பொருள் சரியாகத்தானே இருக்கிறது?

அண்ணே, விமான எஞ்சினைக் கிளப்புமுன் சூடாக்குவதுதானே அது; பொருள் சரிதான். ஆனால் உறைகிற குளிரில் விமானத்துப் பக்கத்தில் நிற்கிற ஆளுக்கு அது வாயில் நுழையாது. தவிர, அந்தச் சொல் வேலையைப் பாதிதான் சொல்கிறது.

பிஸ்டன் எஞ்சினில் சுழலும் கிராங்க் தண்டு எஃகு. அதைச் சுற்றியிருக்கும் கூடு அலுமினியம். குளிரில் அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரு மடங்கு சுருங்கும். அதனால் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவில் ஆயில் ஓட வேண்டிய இடைவெளி குறுகிவிடும். ஆயிலும் பாகு மாதிரி இறுகிக் கிடக்கும். பெரும்பாலான எஞ்சின்களை மைனஸ் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சூடாக்காமல் கிளப்பக் கூடாது என்று எஞ்சின் தயாரிக்கும் லைகோமிங் நிறுவனம் சொல்வது இதனால்தான். சிலிண்டர் மேல் மட்டும் கொஞ்ச நேரம் சூடான காற்றை அடித்தால் எஞ்சின் கிளம்பிவிடும், உள்ளே பேரிங் குளிர்ந்தபடியே இருக்கும். கிளம்பாமல் இருப்பதைவிட இது மோசம்.

எங்கள் அப்பத்தா பணியாரக் கல்லை அப்படித்தான் பார்க்கும். விளிம்பு சுட்டால் போதாது, குழியின் அடிவரை காய வேண்டும். தீயைக் கூட்டி அவசரப்படுத்தினாலும் ஆகாது. "கல்லு காஞ்சிருச்சா?" என்பதுதான் கேள்வி. பறையைக்கூடத் தீயில் காய்ச்சித்தானே அடிக்கிறார்கள்? அதனால் முதலில் 'காய்ச்சல்' என்று வைக்கப் பார்த்தேன். 'எஞ்சினுக்குக் காய்ச்சல்' என்றால் டாக்டரைக் கூப்பிடுவார்கள். 'காயவைத்தல்' துணிக்குப் போய்விட்டது.

மிஞ்சியது 'வெதுப்பல்'. மெல்ல, உள்வரை சூடேற்றுவது. இலங்கைத் தமிழர் பேக்கரியை வெதுப்பகம் என்கிறார்கள், ஆக காதுக்கும் புதிதில்லை. சூடான காற்று வரும் குழாய்க்கு 'வெதுப்புக் குழல்'.

பறக்கும்போது, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்குக் கொடுக்கும் சூட்டை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம். அது வேறு சங்கதி. பெட்ரோல் ஆவியாவதாலும் குறுகிய கழுத்தில் காற்றழுத்தம் விழுவதாலும் கார்புரேட்டருக்குள் சட்டென்று குளிரும். வெளியே 20 டிகிரி இருந்தாலும், காற்றில் ஈரம் மிகுந்தால் உள்ளே பனிக்கட்டி பிடிக்கும். செட்டிநாட்டுப் பழைய போர்க்கால ஓடுதளத்திலிருந்து மார்கழி விடியலில் ஒரு சின்ன விமானம் கிளம்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வெதுப்பல் தேவையே இல்லை; இந்தச் சூடு தேவைப்படலாம். இதற்கு எனக்குச் சொல் அகப்படவில்லை.

---

> இதற்கு எனக்குச் சொல் அகப்படவில்லை.

தம்பி, வெதுப்பலுக்கு நான் சரி. 'வெதுப்பு' என்று ஏவலாகவும் நிற்கிறது.

மற்றதற்குப் 'பனியுருக்கி' என்று வைப்போம், அந்தச் சூட்டைக் கொடுக்க இழுக்கிற குமிழுக்கும் அதே பெயர். காரணம் இருக்கிறது. பனி பிடித்தபின் குமிழை இழுத்தால் எஞ்சின் சுழற்சி முதலில் இன்னும் குறையும், உருகிய தண்ணீரைக் குடித்துக் கொஞ்சம் திணறும், அப்புறம்தான் ஏறும். புதிதாகக் கற்பவன் அந்த நேரத்தில் பயந்துபோய்க் குமிழைத் திரும்பத் தள்ளிவிடுவான். உருகுவது பெயரிலேயே இருந்தால், உருகட்டும் என்று பொறுப்பான்.