தோஹோகு பல்கலைக்கழகம் 1907இல் எங்கே இருந்தது?

வடகாற்று:
"டோக்கியோ, கியோட்டோவுக்கு அடுத்து ஜப்பானின் மூன்றாவது பேரரசுப் பல்கலைக்கழகம் 1907இல் சென்டாய் நகரில் தொடங்கியது." தோஹோகுவைப் பற்றி நேற்று வேறொரு திரியில் தாமரைக்குளம் போகிற போக்கில் இப்படி எழுதிவிட்டுப் போனார். படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. 1907இல் சென்டாயில் தோஹோகுவின் வகுப்பறை ஒன்றாவது இருந்ததா? ஒரு மாணவராவது இருந்தாரா? அந்தப் பெயரில் அன்று இயங்கியது ஒரே ஒரு கல்லூரி, அதுவும் கடலைத் தாண்டி, வடக்கே ஹொக்கைடோ தீவின் சப்போரோவில். 1876இல் தொடங்கிய சப்போரோ வேளாண் கல்லூரிக்குப் பெயர்ப்பலகையை மாற்றி, தோஹோகுவின் வேளாண் கல்லூரி ஆக்கினார்கள். சென்டாயில் அறிவியல் கல்லூரி வந்தது 1911இல்தான். பலகை மாட்டிய நாளை வைத்தா கடைக்கு வயது சொல்வது?

தாமரைக்குளம்:
வடகாற்று ஐயா சப்போரோவில் படித்தவர். அதனால் இந்தக் கோபம் எனக்குப் புதிதல்ல. நான் சென்டாயின் கத்தாஹிரா வளாகத்தில் மூன்று வருடம் ஆய்வு செய்தவன். அங்கே நிறுவன நாள் ஜூன் 22. அரசாணை வந்த நாள் அது, வருடம் 1907. குழந்தைக்குப் பிறந்த நாளைத்தான் கணக்கில் எடுப்பார்கள், நடக்கத் தொடங்கிய நாளை அல்ல.

வடகாற்று:
பிறந்த குழந்தையைத்தானே காட்டச் சொல்கிறேன். 1907இல் சென்டாயில் எத்தனை மாணவர்? ஒரு எண் சொல்லுங்கள், போதும்.

மலர்விழி:
அண்ணா, இரண்டு பேருமே முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். 1913இல் மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டது தோஹோகு. வேதியியலுக்குக் குரோதா சிகா, தாங்கே உமே, கணிதத்துக்கு மகிதா ராகு. ஜப்பானில் எந்தப் பல்கலைக்கழகமும் அதுவரை செய்யாத காரியம். இப்படி முன் உதாரணம் இல்லையே என்று கல்வி அமைச்சகம் கடிதம் போட்டுக் கேட்டது. பல்கலைக்கழகம் பின்வாங்கவில்லை. குரோதா பிறகு ஒரு செடியின் வேரில் இருக்கும் ஊதாச் சாயத்தை ஆராய்ந்து பெயர் வாங்கினார். அதைப் பேசாமல் வருடத்தைப் பிடித்துத் தொங்குகிறீர்களே!

வடகாற்று:
தங்கையே, 1913ஐ நான் மறுக்கவில்லை, பெருமைதான். அந்த மூவரும் உட்கார்ந்து படித்த அறிவியல் கல்லூரி 1911இல் வந்தது என்பதைக் கவனியுங்கள். நான் சொல்வதும் அதே 1911தான்.

தாமரைக்குளம்:
எதைச் சொன்னாலும் 1911இல் கொண்டுபோய் முட்டுகிறார். சென்டாய் இல்லாமல் நவீன ஜப்பானிய அறிவியலே இல்லை. ஹோண்டா கோதாரோ 1917இல் கேஎஸ் என்ற வலிமையான நிலைக்காந்த எஃகைக் கண்டுபிடித்தது அங்கே. யாகி ஹிதெத்சுகுவும் உதா ஷிந்தாரோவும் 1920களில் ஆன்டெனாவை உருவாக்கியதும் அங்கேதான். நம் ஊர் மொட்டை மாடிகளில் மீன் முள் மாதிரி நின்றதே, அந்த ஆன்டெனா. உலகப் புகழ்பெற்ற சீன எழுத்தாளர் லூ சுன் கூட சென்டாயில் படித்தவர்தான்.

பட்டறை:
இங்கே நான் குறுக்கிட வேண்டியிருக்கிறது. லூ சுன் படித்தது 1904 முதல் 1906 வரை, சென்டாய் மருத்துவக் கல்லூரியில். அப்போது தோஹோகு என்ற பெயரே கிடையாது. அந்தக் கல்லூரி தோஹோகுவோடு சேர்ந்தது 1912இல். பிறகு வந்து சேர்ந்த கல்லூரியின் பழைய மாணவரை உரிமை கொண்டாடினால், சப்போரோவின் 1876ஐயும் அதே கணக்கில் ஏற்க வேண்டும். ஒரு கண்ணுக்கு மட்டும் மை தீட்டாதீர்கள்.

தாமரைக்குளம்:
மருத்துவக் கல்லூரி வந்தது, எங்களோடு தங்கியது. சப்போரோ 1918இல் ஹொக்கைடோ பேரரசுப் பல்கலைக்கழகம் என்று தனிக்குடித்தனம் போய்விட்டது. வீட்டைவிட்டுப் போனவர்கள் வீட்டின் வயதைப் பற்றிப் பேசக் கூடாது.

வடகாற்று:
யார் வீடு ஐயா? சப்போரோ வளாகத்தில் ஃபுருகாவா மண்டபம் என்று வெள்ளை மரக் கட்டடம் ஒன்று நிற்கிறது. 1909இல் வனவியல் துறைக்காகக் கட்டியது. உள்கதவுக்கு மேலே உள்ள மரச் சட்டத்தை 'காடு' என்ற ஜப்பானிய எழுத்தின் வடிவத்திலேயே செதுக்கியிருப்பார்கள். மழைக்காக ஒதுங்கியபோது அண்ணாந்து பார்த்து நின்றிருக்கிறேன். 1909இல் தோஹோகு பேரரசுப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் வகுப்பு நடந்தது சப்போரோவில். சென்டாயில் அப்போது அறிவியல் கல்லூரியின் வகுப்பு ஒன்றும் தொடங்கவில்லை. 1907இல் எத்தனை மாணவர் என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

பட்டறை:
அந்த மண்டபத்தின் பெயரைச் சொல்லிவிட்டுச் சும்மா போகாதீர்கள். ஃபுருகாவா குடும்பம் ஆஷியோ தாமிரச் சுரங்கத்தின் முதலாளி. சுரங்கக் கழிவு வதராசே ஆற்றில் கலந்து வயல்களைப் பாழாக்கியது. 1901இல் அந்த விவசாயிகளுக்காகப் போராடிய அரசியல்வாதி தனாகா ஷோசோ மன்னரின் வண்டியை மறித்து மனுக் கொடுக்கப் பார்த்தார். அந்தக் குடும்பம் தந்த சுமார் 10 லட்சம் யென்னில்தான் சென்டாய், சப்போரோ, ஃபுகுவோகா மூன்று இடத்திலும் கட்டடம் எழுந்தது. அந்த மாசைக் கட்டுப்படுத்த என்று திட்டமிட்ட நீர்த்தேக்கத்துக்காக யனாகா கிராமத்தில் விட்டுப்போக மறுத்தவர்களின் வீடுகளை இடித்துத் தள்ளியதும் அதே 1907இல். நீங்கள் இருவரும் பெருமைக்குப் பங்கு கேட்கிறீர்கள். அந்த ஊரின் பங்கு யாருக்கு?

தாமரைக்குளம்:
பணத்தின் மூலத்தைத் தோண்டினால் எந்தப் பல்கலைக்கழகமும் மிஞ்சாது. அறிவியலைப் பார்ப்போம்.

பட்டறை:
தோண்டக் கூடாது என்கிறவர் வரலாறு பேச வந்திருக்கக் கூடாது.

வடகாற்று:
பட்டறை சொல்வது நியாயமான விஷயம், தனித் திரியாகப் போடுங்கள், நானும் வருகிறேன். இங்கே கேள்வி ஒன்றுதான். அப்புறம், சென்டாயில் தொடங்கிய வருடம் 1911 என்று வைத்தால், மூன்றாவது என்ற பட்டமும் ஆட்டம் காணும். கியூஷு பேரரசுப் பல்கலைக்கழகமும் அதே 1911தான். அதன் மருத்துவக் கல்லூரி 1903இலேயே கியோட்டோவின் கிளையாக ஃபுகுவோகாவில் இயங்கியது. ஊரை வைத்துப் பார்த்தால் கியூஷு மூத்தது, ஆணையை வைத்துப் பார்த்தால் தோஹோகு மூத்தது. ஆணையால் மூத்த அந்தத் தோஹோகு அன்று இருந்த இடம் சப்போரோ.

தாமரைக்குளம்:
இப்போது கியூஷுவையும் இழுத்தாகிவிட்டது. அடுத்து ஒசாகா, நகோயா வரும். 2024இல் உலகத் தர ஆய்வுப் பல்கலைக்கழகம் என்ற அரசு அங்கீகாரத்தை முதன்முதலாகப் பெற்றது யார்? தோஹோகு. இந்த எரிச்சல் எல்லாம் அதனால் வந்தது.

வடகாற்று:
2024 அங்கீகாரத்துக்கு என் வாழ்த்து. அதனால் 1907இல் ஒரு மாணவர் கூடிவிடுவாரா?

மலர்விழி:
நான் 1913 பற்றித் தனியாக எழுதப் போகிறேன். அங்கே வந்தும் இதே சண்டையைப் போடாதீர்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

தாமரைக்குளம்:
எழுதுங்கள் மலர், படிக்கக் காத்திருக்கிறேன். என் வரியை நான் மாற்றப் போவதில்லை. மூன்றாவது பல்கலைக்கழகம், 1907, சென்டாய்.

வடகாற்று:
மூன்றாவது, சரி. 1907, அதுவும் சரி. சென்டாய் என்று போட்டீர்களே, அந்தச் சொல்லுக்குத்தான் நேற்றிலிருந்து கேட்கிறேன். எத்தனை மாணவர்?