குளோர்டயசெபாக்சைடு + கிளிடினியம்: வலி போய்விட்டது, நாளையோடு நிறுத்தலாமா?

தேனருவி:
அம்மாவுக்கு 68 வயது. பதற்றம் வந்தாலே வயிற்றைப் பிடித்து இழுக்கும், உடனே கழிப்பறைக்கு ஓடுவார். ஐபிஎஸ் (IBS, எரிச்சல் குடல் நோய்) என்று சொல்லி, குளோர்டயசெபாக்சைடு 5 மி.கி., கிளிடினியம் 2.5 மி.கி. சேர்ந்த கேப்சூல் தினம் 3 எழுதிக் கொடுத்தார்கள். 6 வாரம் ஆகிறது. வலி இல்லை. ஆனால் வாய் வறட்சி, மலச்சிக்கல், பகலெல்லாம் தூக்கக் கலக்கம். மூக்கொழுகலுக்குக் குளோர்பெனிரமின் மாத்திரையும் போடுகிறார். நாளையோடு நிறுத்திவிடலாமா?

மருந்துப்பெட்டி:
வேண்டாம், சட்டென்று நிறுத்தாதீர்கள். ஒரே கேப்சூலுக்குள் குணம் வேறான இரண்டு மருந்துகள் இருக்கின்றன. கிளிடினியம் குடல் தசையின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது. அதை மட்டும் எடுத்திருந்தால் நிறுத்துவதில் பெரிய சிக்கல் இல்லை. குளோர்டயசெபாக்சைடு பென்சோடயசெபைன் என்ற, பதற்றம் தணிக்கும் மருந்து வகை. சில வாரங்களிலேயே உடல் அதற்குப் பழகிவிடும். திடீரென நின்றால் தூக்கமின்மை, நடுக்கம், வியர்வை, வாந்தி வரலாம், அரிதாக வலிப்பும் வரும்.

இன்னொன்று: இந்த மருந்தும் உடலில் அது மாறி உருவாகும் பொருள்களும் மெதுவாகத்தான் வெளியேறும். அதனால் நிறுத்திய முதல் ஓரிரு நாள் ஒன்றும் தெரியாது. தொந்தரவு சில நாள் கழித்துத்தான் தலைகாட்டும்.

எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே குறைக்கும் அட்டவணை கேளுங்கள். கேப்சூலைப் பாதியாக்க முடியாது என்பதுதான் இதில் தொல்லை. 3-லிருந்து 2 என்றால் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. 2-லிருந்து 1 என்றால் பாதியே போய்விடுகிறது. ஒவ்வொரு படியிலும் 2 வாரமாவது நின்று பார்ப்பது நல்லது. கடைசிப் படி தாங்கவில்லை என்றால், சிறு அளவுகளில் குறைக்க வசதியான டயசெபாம் போன்ற தனி மருந்துக்கு மாற்றியும் இறக்குவார்கள். பகலில்தான் கலக்கம் என்றால், முதலில் மதிய வேளையை விடலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

வெண்சங்கு:
எனக்கு அதிகக் கவலை அந்தக் குளோர்பெனிரமின்தான். அதுவும் வாயை உலர்த்தும், குடலை மந்தமாக்கும், தூக்கம் தரும். கிளிடினியத்தோடு சேரும்போது எல்லாம் கூடுகிறது. மலச்சிக்கலில் பாதி அதனால்கூட இருக்கலாம். அதற்கு மாற்று கேளுங்கள்.

முதியவர்களுக்குத் தொடக்கத்தில் தினம் 2-க்கு மேல் வேண்டாம் என்று மருந்தின் தகவல் குறிப்பிலேயே உண்டு. இந்த வயதில் தள்ளாட்டம், இரவில் எழும்போது விழுவது, மறதி எல்லாவற்றுக்கும் இது காரணமாகலாம். கண்ணில் வலியும் சிவப்பும், விளக்கைச் சுற்றி வளையம் தெரிவது, சிறுநீர் கழிக்க முடியாமல் போவது: இதில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனை. குறுங்கோணக் கண்ணழுத்த நோய் (ஒரு வகை கிளாகோமா) இருந்தால் இந்தக் கேப்சூலே கூடாது. கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் என்ற வலி மருந்து, மது எதையும் கூடவே தரக் கூடாது, மூச்சு மந்தப்படும். அமில முறிவு மருந்து குடிப்பவரானால் 1–2 மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

தேனருவி:
நன்றி. குறைக்கும்போது வயிற்றுவலி திரும்பினால், நோய்தான் திரும்பிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

மருந்துப்பெட்டி:
இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். இந்த மருந்தைக் குறைக்கும்போது வயிற்றுப் பிடிப்பு வருவதும் ஒரு விலகல் அறிகுறிதான், அதாவது பழகிய மருந்து குறைவதால் வரும் தொந்தரவு. நோய் என்று நினைத்துப் பழைய அளவுக்கே போனால், வெளியே வரவே முடியாது. நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை சேர்ந்து, அளவு குறைத்த சில நாளில் தொடங்கினால் விலகலாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் படியிலேயே நிற்கலாமா என்று மருத்துவரிடம் பேசுங்கள். சாப்பாட்டையும் பதற்றத்தையும் ஒட்டி வந்து, மலம் கழித்ததும் தணிந்தால் பழைய ஐபிஎஸ் வலியாக இருக்கலாம். அதற்குப் புதினா எண்ணெய் கேப்சூல், கரையும் நார்ச்சத்து, பதற்றத்துக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) என்று பழக்கமாக்காத வழிகள் உண்டு.

வெண்சங்கு:
மலத்தில் இரத்தம், எடை இறக்கம், இரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு இருந்தால் ஐபிஎஸ் என்று விட்டுவிடக் கூடாது. இந்தத் தொந்தரவே அண்மையில்தான் தொடங்கியது என்றால், 68 வயதில் பெருங்குடலைப் பரிசோதித்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள்.