தண்ணீர்ப் பந்தல் தளம்: பிளாஸ்கிலேயே விடலாமா, ஜாங்கோவுக்கு மாறலாமா?

பிறைக்காரன் | இரவு 9.12

வணக்கம். பினாங்கு தைப்பூசத்துக்கு எங்கள் குழு தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் பந்தல் போடுகிறது. தொண்டர்கள் 400 பேர். யார் எந்த நேரத்துக்கு வருகிறார், யார் மோர் ஊற்றுகிறார், அரிசி எத்தனை மூட்டை வந்தது, எல்லாம் ஒரு சின்ன பைத்தான் தளத்தில்தான் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு கல்லூரி மாணவர் பிளாஸ்கில் எழுதிக் கொடுத்தார்; பைத்தானில் தளம் கட்ட உதவும் ஒரு ஃபிரேம்வொர்க் அது. நல்ல பிள்ளை. இப்போது வேலைக்குச் சிங்கப்பூர் போய்விட்டார். விட்டுப் போனது 1,900 வரியில் ஒரே கோப்பு.

பொருளாளர் அம்மாவுக்கு ஒரு தொண்டரின் கைப்பேசி எண்ணைத் திருத்த வேண்டுமென்றால் எனக்கு வாட்ஸ்அப் வரும். நான் ஷிப்ட் முடிந்து வந்து, சர்வருக்குள் போய், டேட்டாபேஸுக்கான எஸ்கியூஎல் கட்டளை எழுதி மாற்றுவேன். போன தைப்பூசத்துக்கு முந்தின வாரத்தில் மட்டும் இப்படி 60 தடவைக்கு மேல்.

அதனால் ஜாங்கோ என்ற இன்னொரு ஃபிரேம்வொர்க்குக்கு மாறலாம் என்கிறேன். அதன் அட்மின் பக்கம்தான் காரணம். என்னென்ன தகவல் என்று விவரிக்கும் மாடலை எழுதிப் பதிவு செய்தால் போதும், திருத்தும் படிவமும் யார் எப்போது மாற்றினார் என்ற வரலாறும் கூடவே வந்துவிடும். தேடலுக்கும் வடிகட்டலுக்கும் ஆளுக்கு ஒரு வரி எழுதினால் சரி. ஜாங்கோ பிறந்ததே பத்திரிகை அலுவலகத்தில். 2003-இல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், லாரன்ஸ் ஊர் நாளிதழில் வேலை பார்த்த ஏட்ரியன் ஹோலோவாட்டியும் சைமன் வில்லிசனும் தொடங்கினார்கள். 2005-இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். நிரல் எழுதுகிறவரை எதிர்பார்க்காமல் ஆசிரியர் குழுவே தகவலை ஏற்றித் திருத்திக்கொள்ள வேண்டும் என்ற தேவை அங்கே இருந்தது. பொருளாளர் அம்மாவுக்கும் அதே தேவைதான்.

செந்தூல் அண்ணன் | இரவு 9.40

தம்பி, பிளாஸ்க்மேல் பழி போடாதீர்கள். 1,900 வரியை ஒரே கோப்பில் எழுதச் சொன்னது பிளாஸ்க் இல்லை. புளூபிரிண்ட் என்று ஒன்று அதில் இருக்கிறது, பதிவு ஒரு பக்கம், கையிருப்பு ஒரு பக்கம் என்று பிரித்து வைக்கலாம். அட்மின் வேண்டுமா? பிளாஸ்க்-அட்மின் என்ற நீட்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆர்மின் ரோனாகர் 2010-இல் வெளியிட்ட நாளிலிருந்து அதன் போக்கு ஒன்றுதான்: கருவைச் சின்னதாக வைத்துக்கொள், எந்த டேட்டாபேஸ் என்பதை எழுதுகிறவனே முடிவு செய்யட்டும். ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டு, தைப்பூசத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது முதலிலிருந்து எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொன்று, ஜாங்கோவுக்குத் தமிழ் சரியாக வராது. கோலாலம்பூரில் ஒரு வேலைக்காக இரண்டு நாள் இதில் மாட்டிக்கொண்டேன். யூனிகோடை அனுமதி என்று சொன்ன பிறகும் பெயரை இணைய முகவரிக்கு (யூஆர்எல்) ஏற்ப மாற்றும் ஸ்லக்ஃபைக்கு 'தமிழ்' என்று கொடுத்தால் 'தமழ' என்று வருகிறது. பயனர் பெயரில் கொம்போ புள்ளியோ இருந்தால் வாங்கவே மாட்டேன் என்கிறது. தமிழ்ப் பெயரைத் தின்கிற ஒன்றைத் தமிழர் பந்தலுக்கு வைப்பீர்களா?

பாயான் லெப்பாஸ் அக்கா | இரவு 10.05

இரண்டு பேரும் பழைய கதையையே பேசுகிறீர்கள். தைப்பூசத்தன்று காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கைப்பேசியைத் திறப்பார்கள். போன வருடம் தொண்டர் பட்டியல் திறக்கவே திறக்கவில்லை, நானும் பந்தலில்தான் நின்றேன். ஃபாஸ்ட்ஏபிஐ என்ற ஃபிரேம்வொர்க்கை எடுங்கள். செபாஸ்டியன் ராமிரெஸ் 2018-இல் கொண்டுவந்தது. ஒரு கோரிக்கை டேட்டாபேஸுக்காகக் காத்திருக்கும்போது அடுத்ததை எடுத்துக்கொள்ளும். எந்தத் தகவல் எந்த வகை என்ற டைப் ஹிண்ட் எழுதினால் வருகிற தகவலை அதுவே சரிபார்க்கும், செயலிகள் சர்வரோடு பேசும் வழியான ஏபிஐக்கு ஆவணமும் தானே வந்துவிடும். செயலி செய்து தருகிறோம் என்று இரண்டு மாணவிகள் கேட்டிருக்கிறார்கள், அவர்களுக்கு ஏபிஐ இருந்தால் போதும்.

பிறைக்காரன் | இரவு 10.48

முதலில் அக்காவுக்கு. 400 பேரும் ஒரே மணி நேரத்துக்குள் பதிவு செய்தாலும் 9 விநாடிக்கு ஒருவர்தான். பைத்தானில் எந்த ஃபிரேம்வொர்க்கும் அதைத் தாங்கும். அன்று பட்டியல் திறக்காததற்கான காரணத்தைப் பிறகு தேடிப் பார்த்தேன். பக்கம் முதலில் தொண்டர் பட்டியலை எடுக்கிறது. பிறகு ஒவ்வொருவருடைய நேரத்தையும் தனித்தனியாகக் கேட்கிறது. மொத்தம் 401 கேள்வி. டேட்டாபேஸ் வேறு சர்வரில் இருக்கிறது. ஒரு கேள்விக்கு 20 மில்லி விநாடி என்று வைத்தாலே 8 விநாடி போய்விடும். ஜாங்கோவில் தொடர்புள்ள தகவலை மொத்தமாக எடுக்கும் ப்ரீஃபெட்ச் ரிலேட்டட் என்று ஒரு வார்த்தை சேர்த்தால் அது இரண்டு மூன்று கேள்வியில் முடியும். பிளாஸ்கில் எஸ்கியூஎல்-ஆல்கெமி என்ற டேட்டாபேஸ் நூலகத்தை வைத்தும் இதைச் செய்யலாம், மறுக்கவில்லை. ஆனால் ஃபாஸ்ட்ஏபிஐக்குப் போயிருந்தாலும் அதே 401 கேள்விதான்.

அண்ணே, தமிழ் விஷயத்தில் நீங்கள் சொன்னது நடக்கிறது, நானும் ஓட்டிப் பார்த்தேன். ஆனால் குற்றம் ஜாங்கோவோடு நிற்கவில்லை. பைத்தானில் உரையைத் தேடி வடிகட்டும் ரெகெக்ஸ், எழுத்து, எண் ஆகியவற்றைத்தான் சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்கிறது. யூனிகோடில் நம் உயிர்க்குறிகளும் புள்ளியும் 'குறி' என்ற தனி வகை. அதனால் வடிகட்டும்போது த, ம, ழ போன்ற அகர எழுத்து நிற்கிறது, உயிர்க்குறியும் புள்ளியும் கொட்டிவிடுகின்றன. பிளாஸ்கில் நீங்களே அப்படி ரெகெக்ஸ் எழுதினாலும் இதே கதிதான். பெயரைச் சாதாரண எழுத்துப் புலத்தில் வைத்தால் ஒன்றும் ஆகாது. யூஆர்எல்லில் பெயருக்குப் பதில் எண் போடலாம். நுழைவதற்குக் கைப்பேசி எண். ஆனால் பயனர் மாடலை முதல் நாளே நம்முடையதாக அமைத்துவிட வேண்டும், பாதியில் மாற்றுவது பெரும் பாடு.

இதைவிட எனக்கு வலித்தது வேறு ஒன்று. 'கோமதி' என்று தேடினால் ஒரு கோமதி வருகிறார், இன்னொரு கோமதி வருவதில்லை. 'கோ' என்பதில் க-வுக்குப் பின்னால் ஒரே குறியாக ஓகாரம் வரலாம், ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் வரலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. சேமிக்கும் முன் பைத்தானின் யூனிகோட்டேட்டா தொகுப்பில் உள்ள நார்மலைஸ் கொண்டு என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்கு மாற்ற வேண்டும். போன வருடம் அந்த இரண்டாவது அம்மாவை 'பதிவு இல்லை' என்று சொல்லி வெயிலில் நிற்க வைத்துவிட்டோம். எதில் எழுதினாலும் இதை நான் விட மாட்டேன்.

செந்தூல் அண்ணன் | இரவு 11.20

ரெகெக்ஸ் விஷயம் ஏற்றுக்கொள்கிறேன். தவறான இடத்தில் பழி போட்டேன்.

அட்மின் விஷயத்தில் இறங்கி வர மாட்டேன். அது ஓர் அமைப்பின் உள்வேலைக்கு மட்டும்தான் என்று ஜாங்கோவின் ஆவணமே சொல்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு சங்கத்தில் செயற்குழு எட்டுப் பேரும் எல்லா உரிமையும் உள்ள ஒரே சூப்பர்யூசர் கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொண்டார்கள். யாரோ ஒருவர் கை தவறி ஒரு நிகழ்ச்சியை அழிக்க, அதனோடு தொடர்புள்ள பதிவுகளும் சேர்ந்து போயின. வரலாறு என்றீர்களே, எட்டுப் பேருக்கும் ஒரே பெயர் என்றால் அந்த வரலாற்றை வைத்து என்ன செய்வது?

அப்புறம் உங்கள் படிவத்தில் அடையாள அட்டை எண் கேட்கிறீர்களாமே, எதற்கு? முதல் ஆறு எண் பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், பினாங்கு என்றால் 07. மோர் ஊற்ற வருகிறவரிடம் இது எதற்குத் தம்பி? எந்த ஃபிரேம்வொர்க் என்பதற்கு முன் அந்தப் புலத்தை எடுங்கள்.

பாயான் லெப்பாஸ் அக்கா | இரவு 11.34

அடையாள அட்டை எண்ணை எடுப்பதற்கு என் ஓட்டு.

வேகத்தில் தம்பி கணக்கு சரிதான். ஆனால் பந்தலில் நின்று பார்த்தவள் சொல்கிறேன், அந்தக் கூட்டத்தில் கைப்பேசிச் சிக்னல் திணறும். சர்வர் வேகமாக இருந்தும் பக்கம் பெரிதாக இருந்தால் வந்து சேராது. செயலி யோசனையையும் இந்த வருடம் தள்ளி வைக்கலாம். சர்வரிலேயே தயாரான சின்ன எச்டிஎம்எல் பக்கம், படம் வேண்டாம், வெளி எழுத்துரு வேண்டாம். அது ஜாங்கோவிலும் வரும், ஜின்ஜா என்ற வார்ப்புருக் கருவி வைத்து பிளாஸ்கிலும் வரும்.

இன்னொன்று கேட்கிறேன். இப்போதைய படிவத்தில், வேறொரு தளம் பயனர் பெயரில் கள்ளக் கோரிக்கை அனுப்புவதைத் தடுக்கும் சிஎஸ்ஆர்எஃப் பாதுகாப்பு இருக்கிறதா?

பிறைக்காரன் | இரவு 11.41

இல்லை அக்கா. பிளாஸ்கில் அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும், யாரும் சேர்க்கவில்லை. ஜாங்கோ ப்ராஜெக்ட் தொடங்கும்போதே அது இருக்கும். அடுத்து வரப்போகிறவரும் ஒரு மாணவர்தான். அவர் மறந்தாலும் இருக்க வேண்டியது இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு பேசுகிறேன்.

செந்தூல் அண்ணன் | இரவு 11.58

அப்படியானால் ஒரு வழி சொல்கிறேன். பிளாஸ்க் முகப்பைத் தொடாதீர்கள். ஜாங்கோவில் இன்ஸ்பெக்ட்டிபி என்ற கட்டளை உண்டு. இருக்கிற டேட்டாபேஸைப் படித்து மாடலை அதுவே எழுதிக் கொடுக்கும். அதே டேட்டாபேஸ்மேல் அட்மினை மட்டும் ஏற்றுங்கள். ஆளுக்கு ஒரு கணக்கு, அழிக்கும் உரிமை ஒருவருக்குத்தான். 401 கேள்வி, என்எஃப்சி, சிஎஸ்ஆர்எஃப் மூன்றையும் பிளாஸ்கிலேயே சரி செய்யுங்கள். முழு மாற்றம் தைப்பூசம் முடிந்த பிறகு. அப்போதும் நான் பிளாஸ்க் பக்கம்தான் நிற்பேன்.

பிறைக்காரன் | இரவு 12.50

இன்ஸ்பெக்ட்டிபி ஓட்டிப் பார்த்தேன் அண்ணே. தொண்டர், கையிருப்பு இரண்டும் அட்மினில் அழகாக வந்துவிட்டன. கைப்பேசி எண்ணைத் திருத்த இனி பொருளாளர் அம்மா என்னைத் தேட வேண்டாம்.

யார் எந்த நேரத்துக்கு என்ற அட்டவணைதான் மாட்டிக்கொண்டது. ஒவ்வொரு வரியையும் அடையாளம் காட்டும் அதன் முதன்மைச் சாவி தொண்டர் எண்ணும் நேர எண்ணும் சேர்ந்த கூட்டுச் சாவி. ஜாங்கோ 5.2 கூட்டுச் சாவியை ஏற்கிறது, ஆனால் அப்படிப்பட்ட மாடலை அட்மினில் பதிவு செய்ய விடாது. தனியாக ஓர் எண் நெடுவரிசை சேர்க்க வேண்டும். சேர்த்தால் பிளாஸ்க் பக்கத்து எஸ்கியூஎல்லில் எங்கெங்கே உடையும் என்று 1,900 வரியையும் படிக்க வேண்டும். சனிக்கிழமை காலையில் உட்காரலாம் என்றிருக்கிறேன். அண்ணே, கூகுள் மீட்டில் ஒரு மணி நேரம் வர முடியுமா?

செந்தூல் அண்ணன் | காலை 6.35

வருகிறேன். பத்து மணிக்கு. அதற்கு முன் டேட்டாபேஸுக்கு ஒரு பேக்கப் எடுத்து, வேறு கணினியில் ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள்.