கலைச்சொல் உதவி: கேப்பிலரிக்குள் ஒட்டிவைத்த என்சைம்

பாளையங்கோட்டையிலிருந்து:
எல்லாருக்கும் வணக்கம். முதுகலை வேதியியல் பிள்ளைகளுக்குத் திங்கட்கிழமை தமிழில் பாடக்குறிப்பு கொடுக்க வேண்டும். 'இம்மொபிலைஸ்டு என்சைம்', அதாவது நகராதபடி ஓரிடத்தில் நிறுத்திவைத்த நொதி, வந்த இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

விஷயம் இதுதான். ஒரு கேப்பிலரி, அதாவது 50 மைக்ரோமீட்டர் உள்விட்டமுள்ள சிலிக்காக் குழாய். அரை மீட்டர் நீளத்துக்கும் சேர்த்து ஒரு மைக்ரோலிட்டர்தான் கொள்ளும். அதன் வாய்ப்பக்கம் ஓரிரு சென்டிமீட்டருக்கு உட்சுவரில், புரதத்தை வெட்டும் ட்ரிப்சின் என்ற நொதியை ஒட்டிவிடுகிறோம். புரதம் அங்கே துண்டுபடும். துண்டுகள் மீதிக் குழாயில், மின்புலத்தில் ஆளுக்கொரு வேகத்தில் ஓடிப் பிரியும் (எலக்ட்ரோபோரெசிஸ்). வெட்டுவதும் பிரிப்பதும் ஒரே குழாயில் முடிந்துவிடும். 'முடக்கப்பட்ட நொதி' என்று எழுதியிருந்தேன். "அப்போ அது வேலை செய்யாதா சார்?" என்று ஒரு மாணவி கேட்டுவிட்டாள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:
பிள்ளை கேட்டது நியாயம், அண்ணாச்சி. முடக்கு என்றாலே வாதம்தான் ஞாபகம் வருகிறது. 'அசையா நொதி' என்றால் பத்திரப்பதிவு வாடை அடிக்கும். 'உறைநொதி' வையுங்கள். உறைதல் என்றால் தங்கியிருத்தல். சாமி உறையும் இடம் என்கிறோமே.

சங்கரன்கோவிலிலிருந்து:
எங்கள் வீட்டில் உறை என்றால் மோர். பிள்ளைகள் நேரே தயிருக்குப் போய்விடுவார்கள். என் ஓட்டு 'கட்டுநொதி'. மாட்டைத் தறியில் கட்டினால் மேயாதா என்ன? கயிறு எட்டும் வரை மேயும். இங்கே குளுட்டரால்டிஹைடு என்ற வேதிப்பொருள்தான் கயிறு. ஒரு முனை, சுவரில் முன்பே ஏற்றிவைத்த அமினோத் தொகுதியைப் பிடிக்கும். மறுமுனை நொதியில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தைப் பிடிக்கும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:
கட்டுநொதி வினைத்தொகை. கட்டுகிற நொதி என்று ஆகிவிடும். டி.என்.ஏ. இழையை ஒட்டுகிற லைகேஸுக்கு அப்புறம் என்ன பெயர் வைப்பீர்கள்?

சங்கரன்கோவிலிலிருந்து:
குடிநீர் எதையாவது குடிக்கிறதா? நாம்தான் குடிக்கிறோம். நொதியையும் நாம்தான் கட்டுகிறோம்.

உடன்குடியிலிருந்து:
தம்பிமார் வேரை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். என்சைம் என்ற சொல்லே கிரேக்கத்தில் 'புளிப்பில் உள்ளது' என்ற பொருளில் பிறந்தது. கூனே என்ற ஜெர்மானியர் 1870களில் உண்டாக்கினார். நம் நொதியும் புளித்து நொதிப்பதிலிருந்து வந்ததுதான். அதனால் பனையேறியைக் கேளுங்கள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதனி, தடவாவிட்டால் கள். பாளை அதேதான், சாறும் அதேதான். (பாளைக்காரருக்குப் பாளை பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.) உள்ளே வருவது என்னவாகும் என்பதைச் சுவரில் இருப்பது தீர்மானிக்கிறது. ஆகவே 'சுவர்நொதி'. கேப்பிலரிக்கும் இதே வழியில் பெயர் தேடலாம். லத்தீனில் அது மயிர். ஈழத்தார் 'மயிர்த்துளைக் குழாய்' என்று சரியாகத்தான் வைத்தார்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து:
கலயம் அருமை ஐயா, வகுப்பில் கட்டாயம் சொல்வேன். ஆனால் எல்லா நொதியும் சுவரில் இருப்பதில்லை. சில முறைகளில் குழாய்க்குள்ளேயே சிலிக்காக் கூழை இறுகவிட்டு, அதன் துளைகளில் நொதியைச் சிறைவைக்கிறார்கள். அங்கே சுவர்நொதி பொருந்தாது. மயிர்த்துளையை வகுப்பில் சொன்னால் கடைசி பெஞ்சு அன்று முழுக்கச் சிரிக்கும். தந்துகி ரத்தக்குழாய்க்குப் போய்விட்டது. எலக்ட்ரோபோரெசிசுக்குப் பள்ளிப் புத்தகத்து 'மின்முனைக் கவர்ச்சி' எனக்குப் பிடிக்கவில்லை, கவர்ச்சியைவிட ஓட்டம்தான் அங்கே முக்கியம். 'மின்நகர்வு' என்று போட்டுவிட்டேன்.

ஞாயிறு இரவு பத்து மணி ஆகிறது. 'நுண்குழாயில் கட்டுநொதி' என்று அச்சுக்கு அனுப்புகிறேன். முதல் இடத்தில் மட்டும் 'இம்மொபிலைஸ்டு என்சைம்' என்றும் சேர்த்திருக்கிறேன். தேர்வில் அப்படித்தான் கேட்பார்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:
சரி, அனுப்புங்கள். நான் உறைநொதி என்றுதான் எழுதுவேன்.

உடன்குடியிலிருந்து:
நுண்குழாய் என்று எப்போது முடிவானது? அதைப் பற்றி நான் இன்னும் பேசவே ஆரம்பிக்கவில்லையே.