நூலகத்தில் பெற்றோர், பிள்ளைகள் புத்தக வட்டம்: பிள்ளைகள் வாயே திறப்பதில்லை, என்ன செய்யலாம்?

மதுரை அம்மா:
கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு இந்த ஆசை. ஆனால் புது நத்தம் சாலைக்கு நாங்கள் இரண்டு பஸ் மாற வேண்டும், வாராவாரம் முடியாது. அதனால் பக்கத்துக் கிளை நூலகத்தில் கேட்டு, ஞாயிறு காலையில் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து படிக்க ஆரம்பித்திருக்கிறோம். ஒன்பது குடும்பங்கள் வருகின்றன. மூன்று வாரமாக ஒரே மாதிரிதான் நடக்கிறது. "இந்தக் கதையிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட, சொல்லு" என்று அம்மாக்கள் கேட்கிறார்கள், பிள்ளைகள் தரையைப் பார்க்கிறார்கள். வீட்டில் ஓயாமல் பேசுகிற என் மகனும் அப்படித்தான். அப்புறம், எந்தப் புத்தகமும் ஒரே பிரதிதான் இருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளையும் இருக்கிறது, பதினொரு வயதும் இருக்கிறது. நடத்திய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தஞ்சை வாசகி:
அந்தக் கேள்வியை முதலில் நிறுத்துங்கள் அக்கா. பள்ளியில் ஐந்து நாளும் அதைத்தான் கேட்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமையும் அதே கேள்வி என்றால் பிள்ளை எப்படிப் பேசும்? எங்கள் வட்டத்தில் பெரியவர்கள்தான் முதலில் பேச வேண்டும். தனக்குப் புரியாத இடம், பிடிக்காத இடம், எதுவானாலும் சரி, ஆனால் நிஜமாகத் தோன்றியதைச் சொல்ல வேண்டும். புத்தகத்தைப் படிக்காமல் வந்து சுவரோரம் உட்கார்ந்து போனைப் பார்க்கிற பெற்றோரிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்லிவிடுங்கள், அதைப் பிள்ளைகள் உடனே கவனித்துவிடுகிறார்கள்.

ஓய்வுபெற்ற நூலகர்:
ஒரே பிரதி என்பது பெரிய தடை இல்லை அம்மா. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, அச்சிட்டுக்கொள்ளவும் அனுமதி உண்டு. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களையும் பாருங்கள். நுழை, நட, ஓடு, பற என்று படிக்கும் திறனை வைத்துப் பிரித்திருப்பார்கள், வயது கலந்த கூட்டத்துக்கு அது ரொம்ப வசதி. உங்கள் நூலகத்தில் வாசகர் வட்டம் இருந்தால் அதன் நிகழ்ச்சியாகவே இதைச் சேர்க்கச் சொல்லுங்கள், நூலகர் மாறிப் போனாலும் கூட்டம் நிற்காது.

இரண்டு பிள்ளைகளின் அப்பா:
சின்னவர்களுக்குப் படப் புத்தகம் போதும், ஒருவர் சத்தமாகப் படித்தால் ஒரு பிரதியே எல்லாருக்கும் ஆகும். போன மாதம் ஒரு கதையில் பாட்டி வீட்டுக்குள் தூங்குகிறாள் என்று நான் படித்துக்கொண்டே போகிறேன், என் ஆறு வயது மகள் பக்கத்தைத் திருப்பவிடாமல் கையை வைத்து, "அப்பா, வாசல்ல பாட்டி செருப்பு இல்லையே, பாட்டி வெளியில போயிருக்காங்க" என்றாள். முதல் நாள் ராத்திரியே இரண்டு தடவை படித்தவன் நான், எனக்கு அது கண்ணில் படவே இல்லை. அதற்குப் பிறகு பாட்டி எங்கே போயிருப்பாள் என்று அரை மணி நேரம் பேச்சு, பெரிய பிள்ளைகளும் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

மதுரை அம்மா:
எல்லாருக்கும் நன்றி. செருப்பு விஷயத்தைப் படித்துக் காட்டியதும் என் மகன் அந்தப் புத்தகம் வேண்டும் என்கிறான். அண்ணா, அதன் பெயர் என்ன?