மாற்கு 16-இன் கடைசி வசனங்கள்: அம்மாவிடம் என்ன சொல்வது?

பாளை வாசகி:
உயிர்த்தெழுந்த இயேசு சீஷர்களுக்குத் தரிசனமானதைச் சொல்லும் மாற்கு 16:9–20, வேதத்தின் பழைய கிரேக்கப் பிரதிகளான சினாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை என்று வாலிபர் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அன்றிலிருந்து அம்மா வேதத்தைத் திறக்கவே தயங்குகிறார். "அப்போ உயிர்த்தெழுதலே பிற்பாடு சேர்த்ததா?" என்று கேட்கிறார். என்ன சொல்லட்டும்?

நாசரேத் அண்ணன்:
அவர் சொன்னது உண்மைதான் தங்கச்சி. இரண்டும் 4ஆம் நூற்றாண்டுப் பிரதிகள். ஆனால் "அவர் உயிர்த்தெழுந்தார்" என்ற 16:6 இரண்டிலுமே இருக்கிறதே! அப்புறம் 1 கொரிந்தியர் 15-ஐ அம்மாவோடு உட்கார்ந்து வாசியுங்கள். பவுல் அதை எழுதியது கி.பி. 50களில், மாற்குவுக்கும் முன்பே என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. கேபா (பேதுரு), பன்னிருவர், ஐந்நூறுக்கும் அதிகமானோர் என்று சாட்சிகளை வரிசையாகச் சொல்கிறார்.

ஓய்வுநாள் ஆசிரியை:
இதைச் சபையிலேயே முன்பே சொல்லித்தந்திருக்க வேண்டும். திடீரென்று கேட்டால் யாருக்கும் ஆட்டம் காணத்தான் செய்யும்.

பாளை வாசகி:
நன்றி அண்ணா. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைப் பற்றிய யோவான் 7:53–8:11-ம் இப்படித்தானா?